பையன் ஐஸ் ஹாக்கி ஆடப் போறேன்னு நிக்கிறான், அந்தப் பொழப்பு எப்படி? விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சிப்புட்_லோரிக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். கேட்டா சிரிப்பீங்க, பரவால்ல, சிரிச்சிட்டுப் பதில் சொல்லுங்க. நான் சுங்கை சிப்புட்ல இருக்கேன், தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்தி மில்லுல இறக்குற லோரி ஓட்டுறேன். மூத்த பையனுக்கு 13 வயசு, படிவம் ஒன்னு. என் தங்கச்சி கல்யாணம் கட்டி டொரோண்டோ பக்கம் ஸ்கார்பரோல இருக்கா, போன வருசக் கடைசி லீவுக்கு அவளே டிக்கெட் போட்டு இவனைக் கூப்பிட்டுக்கிட்டா, ஒரு மாசம் இருந்துட்டு வந்தான். போனப்ப பூப்பந்துப் பைத்தியம், வந்தப்ப ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். அங்க தங்கச்சி மகன் ஆடுறானாம், இவனையும் ஐஸ்ல இறக்கி விட்டிருக்காங்க, நாலு நாள் விழுந்து எந்திரிச்சு அஞ்சாம் நாளு ஓடிட்டானாம்.

இப்ப வீட்ல என்னா நடக்குதுன்னா, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில 60 வெள்ளிக்கு ஒரு ரோலர் ஸ்கேட் வாங்கிக்கிட்டு வந்து, வீட்டு முன்னால சிமெண்டு ரோட்ல மைலோ டின் மூடியை அடிச்சுக்கிட்டு ராத்திரி பத்து வரைக்கும் டங்கு டங்குன்னு ஒரே சத்தம். ஸ்டிக்கு என்னோட பழசு, 90கள்ல நான் ஸ்கூலுக்கு ஹாக்கி ஆடுனது, வளைவுல ஒரு பக்கம் தேஞ்சே போச்சு. மூடி போய் எதுத்த வீட்டு கேட்டுல அடிக்கும், அந்தம்மா ஒன்னும் பேசாது, கதவை மட்டும் சாத்தும், அந்தச் சத்தம்தான் எனக்குப் பெருசாக் கேக்குது.

தங்கச்சி "அண்ணே இங்க விட்டுடு, நான் பாத்துக்கிறேன்"ங்கிறா. வீட்டுக்காரி எஸ்பிஎம், அதான் படிவம் அஞ்சுப் பரீட்சை, முடியாம வாசப்படி தாண்டக் கூடாதுங்கிறா. நான் நடுவுல. எனக்குத் தெரிய வேண்டியது எங்க சேக்குறதுன்னு இல்ல, அந்த ஆளுங்க பொழப்பு நெசமா எப்படி ஓடுதுன்னுதான். எத்தன வயசுல ஆரம்பம், காசு எப்படி, ஒடம்பு என்னாவது. டிவியில கப்பைத் தூக்கிக்கிட்டு நிக்கிறதை மட்டும்தான் பாத்திருக்கேன். முடியாதுன்னு சொல்றதா இருந்தாலும் காரணம் தெரிஞ்சு சொல்லணும்ல.

சும்மா_எட்டிப்பாத்தேன்:

அண்ணே நம்ம ஊருல ஐஸ்னா ஐஸ் கச்சாங் மட்டும்தான், அதுவும் மத்தியான நேரத்துல மேசைக்கு வர்றதுக்குள்ள பாதி தண்ணி. பூப்பந்துக்கே திருப்பி விடுங்க லா.

ஐஸ்மெசின்காரன்:

மேல எட்டிப்பாத்தவரே, ரிங்க்ல ஐஸ் வானத்துலேர்ந்து வர்றதில்ல, தரைக்கு அடியில ஓடுற பைப்புலேர்ந்து வருது. நான் பீடோர்க்காரன், கோலாலம்பூர் பக்கம் ஒரு ஷாப்பிங் மால் ரிங்க்ல நாலு வருசம் ஐஸ் சமப்படுத்துற மெசின் ஓட்டுனேன், ஸ்கேட்டும் தீட்டுவேன். பேரு வேணாம், சம்பளம் மட்டும் எப்பவும் லேட்டு. வெளிய 34 டிகிரி கொளுத்தும், உள்ள ஐஸ் மைனஸ் 5 பக்கம் இருக்கும். மொத்த ஐஸும் ஒரு இஞ்சி, ஒன்றரை இஞ்சி கனம்தான், அதுக்குக் கீழ கான்கிரீட்டு, அதுக்குள்ள பைப்புல குளிர் தண்ணி மாதிரி ஒன்னு சுத்திக்கிட்டே இருக்கும். அதனால சூடான ஊருங்கிறது ஒரு காரணமே இல்ல. டொரோண்டோ டீமோட பெரிய ஸ்டார் ஆஸ்டன் மேத்யூஸ் வளந்தது அரிசோனா பாலைவனத்துல, 2016 ட்ராஃப்ட்ல, அதான் பெரிய லீக் டீமுங்க புதுப் பசங்கள வரிசையாப் பொறுக்கி எடுக்குறது, அவனைத்தான் உலகத்துலயே மொத ஆளா எடுத்தாங்க.

ஆனா அரிசோனாவுல ரிங்க் இருக்கு, லீக் இருக்கு, கோச்சு இருக்கான். நம்ம கிட்ட என்னா இருக்கு? மலேசியா உலக ஐஸ் ஹாக்கி சங்கத்துல 2006ல சேந்துச்சு, 2008ல ஆசியச் சவால் கிண்ணத்துல ஆடுச்சு, 2017ல இங்கயே நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுல மொத தடவையா ஐஸ் ஹாக்கி வச்சாங்க, தங்கம் பிலிப்பைன்ஸ் தூக்கிட்டுப் போயிடுச்சு. நம்ம ஆளுங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், ஆபிஸ் முடிச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல பப்ளிக் எல்லாம் போனதுக்கு அப்புறம் வந்து ட்ரெய்னிங் பண்ணுவாங்க, காலையில திரும்ப வேலைக்கு. ஆசையில ஆடுறாங்க, இதுல சோறு திங்கிற ஆளு நம்ம நாட்டுல எனக்குத் தெரிஞ்சு கிடையாது. ஆசியாவுலயே சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற லீக்குன்னா ஜப்பான், கொரியா டீமுங்க ஆடுறதுதான்.

அதுக்காக மால் ரிங்க்ல ஒன்னும் பொறக்காதுன்னும் சொல்ல மாட்டேன். நம்ம மலேசியாக்காரன் ஜூலியன் யீ அப்படி மால் ரிங்க்ல சறுக்கிப் பழகுன பையன்தான், 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கே போனான். அது ஃபிகர் ஸ்கேட்டிங், இருந்தாலும் ஐஸ் ஒன்னுதானே.

உங்க பையன் ரோலர்ல ஓடுறது வீண் போகாது, ஒரு விசயத்தைத் தவிர. ரோலர்ல பிரேக் அடிக்கிறது வேற, ஐஸ்ல நிக்கிறது வேற. ஐஸ் ஸ்கேட் பிளேடைத் திருப்பிப் பாத்தா நடுவுல ஒரு பள்ளம் ஓடும், ரெண்டு ஓரமும் கூரா நிக்கும், எங்கப்பா பால் வெட்டுற உளியைத் தீட்டுறப்ப பள்ளத்தை ஒரு கல்லுலயும் ஓரத்தை ஒரு கல்லுலயும் பாத்துப் பாத்து தேய்ப்பாரு, எனக்கு மெசின்ல ஸ்கேட் தீட்டறப்ப எல்லாம் அந்த ஞாபகம்தான். அந்த ஓரத்தைப் படக்குன்னு குறுக்க திருப்பி ஐஸைச் சீவிக்கிட்டு நிக்கணும். ரெண்டு பக்கமும் அப்படி நிக்கத் தெரியாதவன் ஸ்டிக்கைத் தொட்டுப் பிரயோசனம் இல்ல.

ஸ்கார்பரோ_அக்கா:

தம்பி, நான் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவ, இங்க வந்து 18 வருசம் ஆச்சு. என் சின்னவன் ஒன்பது வருசமா ஆடுறான். உங்க தங்கச்சி பாத்துக்கிறேன்னு சொல்றது பாசத்துல, ஆனா எதைப் பாத்துக்கணும்னு நான் சொல்றேன், அவளையும் படிக்கச் சொல்லுங்க.

சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஐஸ் டைம்னா அஞ்சு மணிக்கு மைனஸ் இருபதுல காரைச் சூடு பண்ணணும். சின்ன வயசுல லேஸ் நம்மதான் இழுத்துக் கட்டணும், லூசா இருந்தா கணுக்கால் மடங்கிடும், வெரல் வெரைச்சுப் போய் அந்த மெழுகு தடவுன லேஸை இழுத்து இழுத்து என் ஆள்காட்டி வெரல் ரெண்டுலயும் காய்ப்பு இருக்கு இன்னிக்கும். அப்புறம் அந்தப் பை. ஹெல்மெட்டு, தோள் கவசம், முழங்கைக் கவசம், கிளவுசு, எல்லாம் வேர்வையில ஊறி வீட்டுக்கு வரும், பேஸ்மெண்ட்ல காய வச்சா கருவாட்டுக் கடை தோத்துச்சு. நல்ல ஸ்டிக்கு ஒன்னு 300 டாலருக்கு மேல, கார்பன், ஒரே அடியில ஒடைஞ்சாலும் ஒடைஞ்சுதான். மேல் லெவல் டீமுன்னா வருசத்துக்கு ஆயிரக்கணக்குல கட்டணும், ட்ராவல் தனி.

இதுல உங்க பையனுக்கு 13. இங்க உள்ள பிள்ளைங்க நாலு வயசுலயே ஐஸ்ல நிக்கிறானுங்க. இன்னொன்னு, எந்த மாசம் பொறந்தான்? சிரிக்காதீங்க, இங்க ஜனவரி 1தான் வயசுக் கணக்கு, ஜனவரி பிப்ரவரியில பொறந்தவன் அந்தக் கூட்டத்துலயே பெரியவனா இருப்பான், கோச்சு அவனைத்தான் எடுப்பான், நல்ல ட்ரெய்னிங் அவனுக்குத்தான் போவும். மேல் லெவல்ல பாத்தீங்கன்னா வருச ஆரம்பத்துல பொறந்தவனுங்கதான் அதிகம்.

சரி நல்லா ஆடுறான்னே வைங்க. 15, 16 வயசுல ஜூனியர் லீக் டீம் எடுக்கும். எங்க ஒண்டாரியோ லீக்ல சீசனுக்கு 68 ஆட்டம், எந்த ஊரு டீம் எடுக்குதோ அந்த ஊருக்குப் போவணும், அங்க முன்ன பின்ன தெரியாத ஒரு குடும்பத்து வீட்டு ரூம்ல தங்கிப் பள்ளிக்கூடமும் போகணும். 16 வயசுப் பிள்ளை. அவங்க நல்லாதான் பாத்துக்குவாங்க, ஆனா காய்ச்சல் வந்தா ரசம் வச்சுக் கொடுக்க நம்ம இருக்க மாட்டோம்.

18 வயசுல என்எச்எல் ட்ராஃப்ட், என்எச்எல்தான் இங்க கனடா அமெரிக்காவோட பெரிய லீக். 32 டீம், ஏழு சுத்து, மொத்தம் 224 பேரு, அது கனடாவுக்கு மட்டும் இல்ல, ஸ்வீடன் ரஷ்யா அமெரிக்கா ஃபின்லாந்து எல்லாருக்கும் சேத்து. பேரு கூப்பிட்டா வேலை கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த டீமுக்கு உன் மேல உரிமை வந்துடுச்சு, அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேரு அடுத்த லீக்ல, ஏஎச்எல்ல, சீசனுக்கு 72 ஆட்டம், பாதி ஊருக்குப் பஸ்சுல போய்க்கிட்டு, மேல எவனுக்காவது அடிபட்டு எடம் காலியாவுமான்னு ஃபோனைப் பாத்துக்கிட்டே இருப்பானுங்க. என்எச்எல்ல குறைஞ்ச சம்பளமே 2025-26 சீசனுக்கு வருசம் 775,000 அமெரிக்க டாலர், கேட்டா தலை சுத்தும், ஆனா கீழ் லீக்ல அதுல பத்துல ஒரு பங்கு கூட வாங்காதவன் இருக்கான். ஒரே ஒப்பந்தத்துல ரெண்டு சம்பளம் எழுதி வச்சிருப்பாங்க, மேல இருந்தா ஒன்னு, கீழ அனுப்புனா ஒன்னு, அதுவும் நாள் கணக்குல.

மேல போயிட்டவனுக்கும் 2025-26 சீசன் கணக்குப்படி அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் 82 ஆட்டம், அதுல 41 வெளியூரு. ராத்திரி ஆட்டம் முடிச்சு ப்ளேன் ஏறி அடுத்த ஊருல விடிகாலையில இறங்குவான். ஐஸ்ல இறங்குனா ஒரு தடவைக்கு 45 செகண்டுதான், மூச்சு முட்ட ஓடிட்டு வெளிய வந்து பெஞ்ச்ல உக்காருவான், இப்படி ராத்திரி முழுக்க இருபது இருபத்தஞ்சு தடவை.

எனக்கு மனசு ஆறாத விசயம் ட்ரேடு. காலையில பயிற்சிக்கு வந்தவனைக் கூப்பிட்டு உன்ன வேற டீமுக்கு மாத்தியாச்சு, நாளைக்கு அங்க ஆட்டம், கிளம்புன்னா கிளம்பணும், பொண்டாட்டி பிள்ளைங்க பின்னாடி வீட்டைக் கட்டிக்கிட்டு வரணும். பழைய ப்ளேயருங்க சில பேரு ஒப்பந்தத்துலயே மாத்தக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்குவாங்க, சின்னப் பசங்களுக்கு அது கிடையாது. வெயின் கிரெட்ஸ்கியை விடப் பெரிய ஆளு இந்த ஆட்டத்துலயே இல்ல, 1988ல கப்பு ஜெயிச்ச கையோட அவரையே எட்மண்டன் டீம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துடுச்சு, கூட 15 மில்லியன் டாலர் கை மாறுச்சு. பிரஸ் முன்னால உக்காந்து கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு மனுசன். அவருக்கே அப்படி.

இந்தியா வம்சத்து ஆளுங்க இல்லாம இல்ல. ராபின் பாவான்னு பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர், 1989ல மொத ஆளா உள்ள போனாரு, மொத்தம் 61 ஆட்டம். அப்புறம் மேனி மல்ஹோத்ரா, அப்பா பஞ்சாபி அம்மா பிரெஞ்சு கனடாக்காரவங்க, 991 ஆட்டம் ஆடுனாரு. 2024ல வான்கூவர் டீமுக்கு அர்ஷ்தீப் பெய்ன்ஸ் ஆட வந்தாரு. எங்க ரிங்க்ல தமிழ்ப் பிள்ளைங்களும் நாலஞ்சு பேரு ஆடுறானுங்க, ஸ்டாண்டுல ஃபிளாஸ்க்ல தேத்தண்ணி எடுத்துட்டு வந்து உக்காந்திருக்கிறது எல்லாம் நம்மதான்.

கடைசியா, பேப்பர் வேலை. அத்தை வீட்ல இருந்தாலும் அவன் வெளிநாட்டு மாணவன்தான், ஸ்டடி பெர்மிட் வேணும், அரசாங்க ஸ்கூலுக்கே வெளிநாட்டுக்காரன் ஃபீஸ் கட்டணும். பின்னாடி கனடா பிரஜை ஆனா மலேசியாக் குடியுரிமையை, ஐசியை விட்டுடணும், ரெண்டையும் வச்சுக்க நம்ம நாடு விடாது.

பழைய_செண்டர்ஹாஃப்:

தம்பி லோரிக்காரரே, எனக்கு 71 வயசு. 1975ல கோலாலம்பூர்ல ஹாக்கி உலகக் கிண்ணம் நடந்தப்ப தோட்டத்துலேர்ந்து லோரி பிடிச்சு 20 பேரு போனோம். இந்தியா பாகிஸ்தானை 2-1ல ஜெயிச்சுச்சு, மலேசியா நாலாவது, அதுக்கப்புறம் அந்த எடத்தைத் தொடவே இல்ல. அது புல்லு ஹாக்கி, உங்க பையன் கேக்குறது வேற சாமி. ஆனா என் பேரன் அமெரிக்காவுல படிச்சிட்டு வர்றப்ப அந்த ஐஸ் ஹாக்கி வட்டு ஒன்னு கொண்டாந்து கொடுத்தான், பக்குன்னு பேரு. 3 இஞ்சி அகலம், ஒரு இஞ்சி கனம், 170 கிராம் பக்கம். கையில வாங்குன ஒடனே மூக்குல வச்சுப் பாத்தேன், ரப்பர். கெந்தகம் போட்டுச் சூடு காட்டி இறுக்குன ரப்பர், கருப்பா கல்லு மாதிரி. முப்பது வருசம் கித்தா மரத்தைச் சீவுனவன் நான், இதை வச்சு ஐஸ்ல ஆடுறான்னு அன்னிக்குத்தான் தெரியும்.

நாங்க சின்னப் பிள்ளையில ஒட்டுப்பாலை உருட்டி உருட்டிப் பந்து செய்வோம், கொய்யாக் கிளைதான் ஸ்டிக்கு, ஒரு அடி வச்சா ஆயாக் கொட்டகைக் கூரையைத் தாண்டிப் போயிடும். அந்தத் துள்ளல்தான் ரப்பரோட குணம். அங்க அது ஆகாதாம், ஆட்டத்துக்கு முன்னால வட்டை ஃப்ரீசர்ல வச்சு ஒறைய வைக்கிறாங்க, துள்ளாம வழுக்கணும்னு. ரப்பரை ஐஸாக்கிட்டு அப்புறம் அடிக்கிறானுங்க. 2012ல ஸ்டேனோ சாரான்னு ஒருத்தர் அடிச்ச அடி மணிக்கு 175 கிலோமீட்டர்.

அது மேல பட்டா என்னாவும்? கோல் காக்குற கோலிங்க அநேகமா எல்லாருமே 1959 வரைக்கும் மொகமூடி இல்லாம நின்னானுங்க. ஜாக் பிளாண்ட்டுங்கிறவரு மொகம் கிழிஞ்சு தையல் போட்டுக்கிட்டு வந்து, மொகமூடி இல்லாம இறங்க மாட்டேன்னு நின்னதுக்கு அப்புறம்தான் அந்தப் பழக்கமே வந்துச்சு. 2010ல டங்கன் கீத்துங்கிற ஆளுக்கு ஒரே அடியில ஏழு பல்லு போச்சு, அதே ஆட்டத்துல திரும்ப வந்து ஆடுனாரு. ஸ்கார்பரோப் பாப்பா சொன்ன மல்ஹோத்ராவுக்கு 2011 மார்ச்சுல இடது கண்ணுலயே பட்டுச்சு, பல ஆப்பரேசன், பார்வை பாதிக்கு மேல போச்சு, ஜூன்ல இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்னாரு. இன்னொருத்தர் வில்லி ஓரீ, அந்த லீக்ல ஆடுன மொத கறுப்பு இனத்தவர், 1958ல, அவருக்கு வலது கண்ணு தெரியாது, வெளிய தெரிஞ்சா விட மாட்டாங்கன்னு மூடி மறைச்சு ஆடியிருக்காரு. எனக்கும் 26 வயசுல முட்டி போச்சு, ஆடச் சொன்னவங்க ஒருத்தரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரல, அதனால இந்தக் கதையெல்லாம் தேடித் தேடிப் படிப்பேன்.

சண்டை போடுறதுக்குன்னே ஆளு வச்சிருந்த காலம் ஒன்னு. டெரிக் பூகார்ட், ஆறடிக்கு மேல மலை மாதிரி, வேலையே எதிராளி கூடக் குத்துச் சண்டை. 2011ல 28 வயசுல செத்துட்டான், வலி மாத்திரையும் சாராயமும். மூளையை எடுத்துப் பாத்தா அடி வாங்கி வாங்கி வர்ற அந்த நோயி. பெத்தவங்களை நெனச்சுப் பாருங்க.

அந்தப் பாப்பா ட்ரேடுன்னு சொன்னதைப் படிச்சப்ப எனக்குத் தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களம் ஞாபகம் வந்துச்சு. தோட்டத்தை ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு வித்தா லயத்தோட நாங்களும் கை மாறுவோம், காலையில பெரட்டுல வேற தொரை நிப்பான், அவ்வளவுதான் சேதி. சம்பளம் வேறயா இருக்கலாம், கதை அதுதான். டெட் லிண்ட்சேன்னு டெட்ராய்ட்டுல பெரிய ப்ளேயர், 1957ல சங்கம் கட்டப் பாத்தாரு, முதலாளிங்க என்னா பண்ணாங்க தெரியுமா, தூக்கி சிகாகோவுக்கு மாத்திட்டாங்க. நமக்குத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954லயே வந்துடுச்சு, அவங்களுக்கு நெலச்சு நிக்கிற சங்கம் 1967லதான். அதுக்கு அப்புறமும் சம்பளத் தகராறுல 2004-05 சீசன் முழுசையும் முதலாளிங்க இழுத்து மூடுனாங்க, ஒரு ஆட்டம் கூட நடக்கல.

நான் வேணாம்னு சொல்லல தம்பி. எங்கப்பா எனக்கு வேணாம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்.

டியூசன்_டீச்சர்:

வீட்டுக்காரம்மா எஸ்பிஎம்னு சொன்னதுக்கு ஒரு ஆளைக் காட்டுறேன். கென் டிரைடன், மாண்ட்ரியல் டீம் கோலி. எட்டு சீசன்ல ஆறு ஸ்டான்லி கப்பு, அதான் என்எச்எல் ஜெயிச்சவங்க தூக்குற கப்பு. அந்த ஆட்டத்துக்கு நடுவுலயே மெக்கில் பல்கலைக்கழகத்துல சட்டம் படிச்சு முடிச்சாரு, 1973-74 சீசன்ல சம்பளம் சரியில்லன்னு ஆட மாட்டேன்னுட்டு ஒரு வக்கீல் ஆபிசுல போய்ப் பயிற்சிக்கு உக்காந்தாரு, அடுத்த சீசன் திரும்ப வந்து ஆடுனாரு. பின்னாடி எம்பி, அமைச்சரு. 2025ல தவறிட்டாரு. 2025லேர்ந்து ஜூனியர் லீக்ல ஆடுனவங்களையும் அமெரிக்கக் காலேஜ் டீமுங்க எடுத்துக்கலாம்னு விதியை மாத்தியிருக்காங்க, முன்ன எல்லாம் ரெண்டுல ஒன்னுதான். அதனால படிப்பா ஆட்டமான்னு சண்டை போடாதீங்க.

சிப்புட்_லோரிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மில்லுல க்யூவுல நிக்கிறப்ப முழுசும் படிச்சேன், பின்னால லோரிக்காரன் ஹார்ன் அடிச்சதுக்கு அப்புறம்தான் நகந்தேன். அக்கா, பையன் நவம்பர்ல பொறந்தவன், போச்சு. தங்கச்சிக்கு அனுப்புனேன், ஃபீஸ் விசயம் அவளுக்கே தெரியல, கேட்டுச் சொல்றேன்னா, ரெண்டு நாளா சத்தம் இல்ல. வீட்டுக்காரிக்கு அந்த வக்கீல் கோலி கதையை வாசிச்சுக் காட்டுனேன், "அப்ப மொதல்ல வக்கீலாவட்டும்"னுட்டா.

ஐயா சொன்னதைத்தான் பையன் கிட்டச் சொன்னேன், பல்லு, கண்ணு, பிறத்தியார் வீட்ல தங்குறது, ஆளை மாத்துறது எல்லாம். பயப்படுவான்னு பாத்தா அவன் கேட்ட ஒரே கேள்வி, "அந்தத் தாத்தா கிட்ட பக்கு இருக்கா?"

கனடா இப்போதைக்கு இல்ல. எஸ்பிஎம் வரைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை கோலாலம்பூர் ரிங்க்னு பேசி வச்சிருக்கோம், ரெண்டரை மணி நேர ஓட்டம், எனக்கு அது ஒரு தூரமா. மெசின்காரத் தம்பி, மொத தடவை போறப்ப என்னா எடுத்துட்டுப் போறது, ஸ்கேட் சொந்தமா வாங்கணுமா?

ஐஸ்மெசின்காரன்:

வாங்காதீங்க அண்ணே, கால் வளர்ற வயசு, வாடகைக்கே கொடுப்பாங்க. ஷூ சைசை விட ஒன்னு கம்மியாப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, வெரல் நுனி லேசாத் தொடணும், குதிகால் தூக்கக் கூடாது. நீள சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, ரெண்டு போட்டா கால் உள்ள ஆடும். கிளவுசு கட்டாயம், விழுந்தா பின்னால வர்றவன் பிளேடு வெரல்ல ஏறும். காலையில மொத செசனுக்கே வந்துடுங்க, மெசின் அப்பத்தான் ஓடியிருக்கும், ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு மேல எல்லாம் கீறலும் குழியும்தான்.

பழைய_செண்டர்ஹாஃப்:

பக்கு இருக்கு. நான் ஈப்போவுலதான் இருக்கேன், போற வழியில வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. மைலோ மூடி கூர்மை, எதுத்த வீட்டுப் பிள்ளைங்க கால்ல பட்டுடப் போவுது.